முள்ளந்தண்டு அடிபட்டவருக்கு மலம் கழிக்க ஒரு நேரம்
(ஜிந்துப்பிட்டியில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்றைப் பேசத்தான் வந்தேன். மரத்திலிருந்து விழுந்தோ, பள்ளத்தில் சறுக்கியோ முள்ளந்தண்டு நரம்பு அடிபட்டவர் ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குத் திரும்புகிறார். கால் நடக்காதது நம் கண்ணுக்குத் தெரிகிறது. மலம் வருவது தனக்குத் தெரியவில்லை, அடக்க முடியவில்லை என்பதை அவர் வாய் திறந்து சொல்வதில்லை. பெண்சாதி கழுவ வேண்டுமே என்று சோற்றைக் குறைக்கிறார், தண்ணியையும் குறைக்கிறார்.

அங்கேதான் கெடுதல் தொடங்குகிறது. மலம் இறுகிக் குடலை அடைக்கும். அடைப்பைச் சுற்றித் தண்ணியாய் ஒழுகும். நாம் வயிற்றுப்போக்கு என்று நினைத்து இன்னும் பட்டினி போடுவோம்! இப்படி ஒழுகினால் முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். பேதி உப்பை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

சாப்பிட்டதும் குடல் அசையும். நரம்பு அடிபட்டாலும் அந்த அசைவு ஓரளவு இருக்கும். ஆகவே காலைச் சாப்பாடும் சூடான சாயத்தண்ணியும் கொடுத்து, அரை மணித்தியாலத்தில் உட்கார வையுங்கள். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம். குடல் பழக சில வாரம் எடுக்கும். கீரை, பருப்பு, பப்பாசி நல்லது.

மேல் முதுகில் அடிபட்டவருக்கு, கையுறை போட்டு எண்ணெய் தடவிய விரலால் மலவாயின் உள்ளே மெதுவாகச் சுற்றினால் குடல் தானே தள்ளும். இடுப்புப் பக்கம் அடிபட்டவருக்கு அது வேலை செய்யாது. விரலால் எடுக்கத்தான் வேண்டும். இதை நர்ஸிடம் நேரில் பழகுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். இரத்தம் கண்டால் நிறுத்துங்கள்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். நடு நெஞ்சுக்கு மேலே அடிபட்டவருக்கு அந்த நேரம் திடீரென்று தலை இடிக்கலாம், முகம் சிவந்து வியர்க்கலாம். பிரஷர் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். மூத்திரக் குழாய் மடிந்திருக்கிறதா பாருங்கள். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

இப்படி அடிபட்டவர் பிழைக்கமாட்டார் என்று கைவிட்ட காலம் ஒன்று இருந்தது. 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் குட்மன் தொடங்கிய பிரிவு அதை மாற்றியது. பெரும்பகுதி இந்த மாதிரிப் பராமரிப்புதான்.

லயத்துக் கக்கூஸ் தூரம், படியும் உண்டு. பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டி, கீழே வாளி வைத்து, சீலை கட்டி மறைத்துக் கொடுங்கள். ஓட்டையின் ஓரத்தில் ஸ்பொஞ்ச் சுற்றுங்கள். உணர்ச்சியில்லாத தோலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. இங்கே கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் லீவுக்கு ஊர் போகும்போது பாமசியில் கையுறைப் பெட்டி ஒன்று வாங்கிப் போங்கள்.

சபையில் கேட்கக் கூச்சமானவர்கள் கூட்டம் முடிந்து தனியே வாருங்கள். பெண்கள் நர்ஸம்மாவிடம் கேட்கலாம்.