வற்றுநீர்க் கரையில் ஒரு பதிவேடு



தெல்தோட்டையில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு நெய்தற் பாடம் ஆண்டுதோறும் ஒரு சங்கடம். குறிஞ்சியைச் சன்னலுக்கு வெளியே காட்டிவிடலாம். கடலை எப்படிக் காட்டுவது? அலவன் என்றால் நண்டு என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுவேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், அந்த நண்டெல்லாம் இப்பவும் இருக்குதா?"

விடை தேடப் புகுந்தபோதுதான் மும்பாய் நகரத்து அன்பர் சிலரைப் பற்றி அறிந்தேன். 2017இல் பிரதீப் பாதாடே முதலானோர் அந்நகரின் கடலுயிர்களைப் பதிவுசெய்யும் முயற்சியைத் தொடங்கினர். கடல் வற்றும் வேளை பார்த்து, ஹாஜி அலி போன்ற பாறைக் கரைகளுக்குப் பொதுமக்களையும் அழைத்துச் சென்றனர். எதையும் பிடுங்கி வருவதில்லை. கண்டதைப் படம்பிடித்து, நாளும் இடமும் குறித்துவைப்பதே பணி. கழிவுநீர் சேரும் அக்கரையிலே பேய்க்கணவாயும், ஓடில்லாத வண்ண நத்தையும், முருகைக்கற்களும் இருந்தன! அவற்றுக்கருகே தினமும் வாகனத்தில் சென்ற இலட்சக்கணக்கானோர் அதை அறியவில்லை.

பிறகு அக்கரையோரம் பெருஞ்சாலை வந்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் அனுமதியை இரத்துச் செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேலையைத் தொடரவிட்டது. 2020இல் 18 முருகைக் கூட்டங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் பொருத்தப்பட்டன. சாலை நிற்கவில்லை. ஆயினும், 'அங்கே வெறும் பாறைதான் கிடந்தது' என்று இனி எவரும் சொல்ல முடியாது.

பதிவின் அருமையை மலையகத்தாருக்கு எடுத்துச் சொல்லவேண்டுமா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டது ஆவணத்தை. தலைமுறையாய்க் கொழுந்து பறித்த கைகளில் அந்தத் தாள் இல்லை. இருந்தவர்கள் இல்லாதவர்களானார்கள். மனிதருக்கே அந்தக் கதியென்றால், வாயற்ற நண்டுக்கு யார் சாட்சி?

சங்கப் புலவர் மணலில் நண்டின் சுவட்டைக் கண்டார்; அலை அதை அழித்ததையும் கண்டார். கண்டதைச் சொல்லிவைத்ததால் அது நம்மிடம் வந்தது.

எங்களூர் ஓடைநீர் மகாவலியில் விழுந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிலே கடல்சேர்கிறது. அந்த ஓடைகளிலும் நண்டுகள் உண்டு. இலங்கையின் நன்னீர் நண்டினங்களிலே பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆதலால், இந்த வருடம் நெய்தற் பாடத்துக்கு முன் ஆளுக்கொரு கொப்பியோடு ஓடைக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வைக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. கொப்பியின் முதற் பக்கத்தில் அந்த மாணவியின் கேள்வி இருக்கும்.