பழந்துப்பாக்கியின் வயதும் வரிசை எண்ணும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். அமெரிக்க தேசத்து வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி இச்சபையில் எதற்குப் பேச்சு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். சுடும் வித்தையைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. ஒரு பழம்பொருள் எக்காலத்தில் செய்யப்பட்டது, அதைக் குறித்து வழங்கும் கதை மெய்யா பொய்யா என்பதை அப்பொருளைக் கொண்டே எவ்வாறு தெளியலாம் என்பதுதான் நமது விஷயம். அதற்கு இத்துப்பாக்கிகள் மிகவும் பொருத்தமான உதாரணம்.

நெவாடா மாகாணத்தில் கிரேட் பேஸின் என்னும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. 2014-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அங்கே பழம்பொருள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சிப்பந்திகள், ஜூனிப்பர் மரம் ஒன்றின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்த துப்பாக்கி ஒன்றைக் கண்டார்கள். வெயிலிலும் பனியிலும் நின்று அதன் மரக்கட்டை வெளுத்து வெடித்திருந்தது. குழல் துருவேறியிருந்தது. கட்டையின் அடிப்பாகம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. மரமும் துப்பாக்கியும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிட்டபடியால், நெடுங்காலம் அது எவர் கண்ணுக்கும் தென்படவில்லை. யார் வைத்தது? எப்பொழுது வைத்தது? ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை? கேட்டவர் அனைவர் மனத்திலும் இக்கேள்விகளே எழுந்தன.

அது வின்செஸ்டர் கம்பெனியார் கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் செய்த லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் வளையமாக ஒரு லீவர் அமைந்திருக்கும். அதைக் கீழே தள்ளி மறுபடியும் மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து அடுத்த தோட்டா தானே ஏறி நிற்கும். ஒவ்வொரு முறையும் கையால் ஒரு தோட்டாவைச் செலுத்தவேண்டிய சிரமம் இதில் இல்லை.

கண்டெடுத்த துப்பாக்கியின்மீது “மாதிரி 1873” என்று பொறித்திருந்தது. இவ்வினத்துத் துப்பாக்கிகளின் குழல்மீது 1866-ம் வருஷம் மார்ச்சு 29 என்றும், 1860-ம் வருஷம் அக்டோபர் 16 என்றும் தேதிகள் வெட்டப்பட்டிருப்பது வழக்கம். புதிதாகப் பார்ப்பவர் இம்மூன்றில் ஒன்றுதான் துப்பாக்கி பிறந்த வருஷம் என்று நினைப்பார். உண்மையில் மூன்றும் அதுவன்று. 1860 என்பது ஹென்றி என்பவர் இவ்வமைப்புக்குப் பேடண்டு உரிமை பெற்ற தேதி. 1866 என்பது கிங் என்பவர், பக்கவாட்டிலிருந்து தோட்டா நிரப்பும் வழியைக் கண்டு உரிமை பெற்ற வருஷம். 1873 என்பதோ அம்மாதிரி வெளிவந்த வருஷம் மாத்திரமே. 1916-ம் வருஷம் வரையில் அதே மாதிரியில் 7,20,610 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. நாமும் இவ்விஷயத்தைக் கற்கத் தொடங்கிய காலத்தில், குழலின்மேல் 1894 என்றிருந்த ஒரு துப்பாக்கியின் படத்தைப் பார்த்து, அது அவ்வருஷத்தில் செய்ததே என்று நண்பரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டுப் பின்னர் வெட்கப்பட்டதுண்டு. ஜான் பிரௌனிங் என்னும் நிபுணர் அமைத்த அந்த 1894-ம் வருஷத்து மாதிரி நூறு வருஷங்களுக்கு மேல் செய்யப்பட்டது. நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது 2006-ல்தான்.

ஆகவே வயதைக் கூறவல்லது வரிசை எண் ஒன்றே. 1873 மாதிரியில், லீவருக்குப் பின்னால் கட்டையோடு சேர்ந்து ஓடும் அடிப்பட்டையில் அது வெட்டப்பட்டிருக்கும். 1894 மாதிரியில் இரும்பு நடுவுடலின் அடிப்பாகத்தில் முன்புறமாக இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. அக்காலத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் எண்கள் ஒன்றிலிருந்து தனித்தனியே தொடங்கின. 5,000 என்னும் எண் 1873 மாதிரியிலும் உண்டு, 1894 மாதிரியிலும் உண்டு. முதலில் மாதிரியை நிச்சயித்துக்கொண்டு, அதன்பின்னரே எண்ணைப் பார்க்கவேண்டும்.

சில எண்கள் பாதையோரத்து மைல்கற்களைப் போன்றவை. 1894 மாதிரியின் 10,00,000-வது துப்பாக்கி 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கு வழங்கப்பட்டது. 15,00,000-வது 1948-ல் ஜனாதிபதி ட்ரூமனுக்கும், 20,00,000-வது 1953-ல் ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கும் சென்றன. 1964-ல் செய்முறையைச் செலவு குறைய மாற்றியபொழுது, எண்களை 27,00,000 முதல் தொடங்கினார்கள். பழமை விரும்புவோர் அதற்கு முந்தியவற்றுக்கே அதிக விலை கொடுக்கிறார்கள். மார்லின் கம்பெனியார் வேறொரு முறையைக் கையாண்டார்கள். 1973 முதல் பல வருஷங்கள், எண்ணின் முதலிரண்டு இலக்கங்களை நூறிலிருந்து கழித்தால் வருஷம் வரும். 27 என்று தொடங்கினால் மிச்சம் 73, செய்தது 1973-ல்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. அமெரிக்க சர்க்காரின் 1968-ம் வருஷத்துச் சட்டம், 1898-லோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கியைப் பழம்பொருளாகக் கருதுகிறது. அதற்குப் பிற்பட்டதை ஆயுதமாகக் கருதுகிறது. 1894 மாதிரி இந்த எல்லைக்கு இருபுறத்திலும் செய்யப்பட்டது. இரண்டு துப்பாக்கிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எண்ணைப் பொறுத்து ஒன்று சட்டத்துக்கு உட்பட்டும் மற்றொன்று விலகியும் நிற்கும்.

ஆனால் எண் மட்டும் தனியே பேசாது. பத்திரத்தின் நம்பர் கையிலிருந்து, பதிவு ஆபீஸில் புஸ்தகம் இல்லையானால் என்ன பயன்? வின்செஸ்டர் கம்பெனியாரின் பழைய பேரேடுகள் வயோமிங் மாகாணத்துக் கோடி நகரின் காட்சிசாலையில் காப்பாற்றப்பட்டு வருகின்றன. அவற்றிலும் பேதமுண்டு. மெருகிடும் அறையின் குறிப்பு, எண் பொறித்த காலத்தைக் காட்டும். கிடங்கின் பேரேடு, முடிந்த துப்பாக்கி வந்து சேர்ந்த நாளையும் வெளியே அனுப்பப்பட்ட நாளையும் காட்டும். இரண்டுக்கும் இடையே பல மாதங்கள், சில வேளை வருஷங்களும் கழிந்திருக்கலாம்.

பேரேடு பொய்யையும் தடுக்கிறது. 1873 மாதிரியில் மிகச் சிறப்பாகச் சுடும் குழல்களைத் தேர்ந்தெடுத்து, “ஆயிரத்தில் ஒன்று” என்று பொறித்து நூறு டாலருக்கு விற்றார்கள். அவை மிகச் சில. சாதாரணத் துப்பாக்கியில் அவ்வார்த்தைகளைப் பிற்காலத்தில் வெட்டி விற்கும் மோசக்காரர்கள் உண்டு. பேரேட்டில் அவ்வெண்ணுக்கு எதிரே அக்குறிப்பு இராவிடில் சாயம் வெளுத்துப்போகும். அவ்வாறே, 1905 முதல் கம்பெனியார் சோதனை முத்திரை ஒன்றைக் குழலிலும் நடுவுடலிலும் குத்தினார்கள். எண் அதற்கு முந்தியதாயிருக்க, குழலில் மாத்திரம் முத்திரை காணப்பட்டால், அக்குழல் பின்னர் மாற்றப்பட்டதென்று சந்தேகிக்க இடமுண்டு.

இனி, மரத்தடித் துப்பாக்கிக்கு வருவோம். அதன் எண் பேரேட்டில் அகப்பட்டது. 1882-ல் செய்யப்பட்டு அவ்வருஷத்திலேயே அனுப்பப்பட்டிருந்தது. அவ்வொரு வருஷத்தில் அம்மாதிரியில் 25,000-க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன; முதலில் ஐம்பது டாலராயிருந்த விலை இருபத்தைந்தாக இறங்கியிருந்தது. ஆகவே அது சாமானிய மனிதன் வாங்கக்கூடிய பொருள். பின்னர் கட்டையினுள் மறைந்திருந்த தோட்டா ஒன்று வெளிப்பட்டது. அது 1887-க்கும் 1911-க்கும் இடையே செய்யப்பட்டதென்று கண்டார்கள். எனவே அத்துப்பாக்கி 1887-க்கு முன்னர் அம்மரத்தில் சாய்க்கப்பட்டிருக்க முடியாது. எண் ஒரு கரையைக் காட்டியது. தோட்டா அதை இன்னும் சற்று நெருக்கிக் காட்டியது. ஆனால் வாங்கியவன் பெயர் பேரேட்டில் இல்லை. மரத்தில் சாய்த்துவிட்டுப் போனவன் யார் என்பது இன்றளவும் தெரியாது.

சகோதரர்களே! லிட்டில் பிக்ஹார்ன் யுத்தம் நடந்தது 1876-ல். தங்கள் பாட்டனார் அதில் தாங்கிய துப்பாக்கி என்று ஒரு குடும்பத்தார் பெருமையோடு வைத்திருப்பது 1890-ல் செய்ததென்று எண் காட்டினால், அவர்களுக்கு மனவருத்தம் உண்டாவது இயல்பே. ஆயினும் பாட்டனார் பொய் சொன்னார் என்று அதனால் ஆகிவிடாது. அவர் வேறொரு துப்பாக்கியைத் தாங்கியிருக்கலாம். கதை பின்வந்த துப்பாக்கியின்மேல் ஏறியிருக்கலாம். தீர விசாரிப்பதே மெய் என்பது கதையைக் கொல்வதற்கன்று, கதைக்கு உரிய இடத்தைக் கொடுப்பதற்கே.

நம் வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. எண்ணும் பேரேடும் சொல்லமுடியாத ஒன்றை அப்பெயர் சொல்கிறது. வீட்டிலுள்ள பழம்பொருள் எதுவாயினும், யாரிடமிருந்து எப்பொழுது வந்தது என்பதை அறிந்தவர்கள் இருக்கும்பொழுதே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அந்த நெவாடா வேட்டைக்காரன் தன் பெயரைக் கட்டையில் ஆணியால் கீறியிருந்தாலும் போதுமே!