பெயர் கிடைத்துவிட்டது, காடு?



சீத்தாப்பழம் தின்று கொட்டை துப்பாதவர் நம்மில் இருக்க முடியாது. பள்ளிக்கூட மதிலோரம் நெடுநெடுவென்று நிற்கிற நெட்டிலிங்கம் அந்தச் சீத்தாவுக்குச் சொந்தம். எங்கே பூத்திருக்கிறது என்று தோட்டமெல்லாம் தேடவைக்கிற மனோரஞ்சிதமும் சொந்தம். உலகம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளிலேயே முளைத்து, அங்கேயே பூத்து, அங்கேயே மடிபவை. ஊர் அறியாத அந்த உறவுகளில் ஒன்றைப் பற்றியது இன்றைய பேச்சு. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில், ஏபோ என்னும் காட்டில் நிற்கிறது அந்த மரம். அறிவியல் பெயர் ஊவாரியோப்சிஸ் டிகாப்ரியோ. ஆம், ‘டைட்டானிக்’ படத்தில் நடித்த லியனார்டோ டிகாப்ரியோவின் பெயர்தான்.

மரம் பெரிதில்லை. சுமார் நான்கு மீட்டர் உயரம். வானத்தை மறைத்து நிற்கும் காட்டு மரங்களின் நிழலுக்குள் வளரும், இலையுதிராத சிறுமரம். அதன் அழகெல்லாம் அடிமரத்தில் இருக்கிறது. பலா அடியிலேயே காய்க்குமே, அதுபோல இது அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்து பளபளக்கும் பெரிய பூக்கள்.

சீத்தாப் பூவைக் காம்போடு கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடித்த மூன்று இதழ்கள் கவிழ்ந்து தொங்கும். விலக்கினால் நடுவில் ஒரு சிறு கூம்பு, அதைச் சுற்றி நெருக்கமாக மகரந்தத் தாள்கள். அந்தக் குடும்பத்துக்கே பெரும்பாலும் மூன்றுதான் கணக்கு. ஊவாரியோப்சிஸ் பேரினத்தில் அந்தக் கணக்கு மாறுகிறது: வெளியே புல்லிதழ் இரண்டு, உள்ளே அல்லிதழ் நான்கு. ஆண் பூ தனி, பெண் பூ தனி. இதழை எண்ணி, இலை நரம்பைப் பார்த்து, மயிர் இருக்கிறதா இல்லையா என்று லென்ஸ் வைத்துத் தேடி, அப்படித்தான் ஒரு மரத்தை இன்னொரு மரத்திலிருந்து பிரித்தறிகிறார்கள் தாவரவியலாளர்கள்.

டிகாப்ரியோ மரத்தின் நெருங்கிய உறவு ஒன்று கேமரூன் அடுக்களைக்குள்ளேயே இருக்கிறது. மோனோடோரா மரத்தின் விதையை அங்கே ‘பெபே’ என்கிறார்கள். ஜாதிக்காய் மணம் கொண்டது. பாசா மக்களின் கறுப்புக் குழம்பான ‘ம்போங்கோ சோபி’க்கு அரைக்கிற மசாலாவில் அதற்கும் இடம் உண்டு. சீத்தாக் குடும்பம் அந்த மண்ணில் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள்.

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்களும் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் உள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தினரும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து ஏபோ காட்டுச் செடிகொடிகளைப் பதிவு செய்துவந்தவர்கள். அந்த உழைப்பில் அகப்பட்டது இந்த மரம். 2022 ஜனவரியில் ஆய்விதழில் பெயரோடு வெளியானது; அந்த ஆண்டில் கியூ ஆய்வாளர்கள் பெயரிட்ட முதல் தாவரம் இதுவே. அதுவரை அவர்கள் கண்ணில் பட்டவை 50-க்கும் குறைவான மரங்கள். அத்தனையும் ஏபோ காட்டின் ஒரே பகுதியில், எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத இடத்தில். பெயர் வைத்த கையோடு ‘மிக அருகிய இனம்’ என்று மதிப்பிடவும் வேண்டியதாயிற்று.

பெயரிடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பெரும் பயன் இருக்கிறது. பெயரில்லாத உயிரினத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காட்டும் உலகச் செம்பட்டியலில் ஏற்றுவது மிகக் கடினம். பட்டியலில் இல்லாத மரத்துக்காக எந்த அதிகாரியின் மேசையிலும் கோப்பு திறக்காது.

கேமரூனிலேயே இதற்கு வேதனையான சாட்சி உண்டு. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த வெப்ரிஸ் பாலி என்ற மரம். 1951-இல் எட்வின் உஜோர் என்ற வன அலுவலர் பாலி ங்கெம்பா காப்புக்காட்டில் ஒரு கிளையைச் சேகரித்து உலர்த்தி அனுப்பினார். இது தனி இனம் என்று உறுதிப்பட்டுப் பெயர் வைக்கப்பட்டது 2018-இல். அதற்குள் அங்கே தேடிப் போனவர்களுக்கு ஒரு மரம்கூடக் கிடைக்கவில்லை. காட்டின் பெரும்பகுதி விளைநிலமாகியிருந்தது. அற்றுப்போயிருக்கும் என்ற குறிப்போடுதான் அதன் பெயரே அச்சேறியது. அறுபத்தேழு ஆண்டுகள் அந்தக் கிளை காகிதத்தில் காத்திருந்தது.

டிகாப்ரியோ மரத்துக்கு அந்த நிலை வராமல் தடுத்தது, அது நிற்கிற காட்டுக்காக நடந்த போராட்டம். துறைமுக நகரான டூவாலாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை ஏபோ. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த காடு. உலகின் மிகப் பெரிய தவளையான கோலியாத் தவளை அங்கே வாழ்கிறது. 2002-இல் ஒரு சிறு கொரில்லாக் கூட்டம் ஆய்வாளர் கண்ணில் பட்டது. 25-க்கும் குறைவாகவே இருக்கும் என்பது மதிப்பீடு. சிம்பன்சிகள் இன்னும் பெரிய வியப்பைத் தந்தன. கல்லைக் கையில் எடுத்துக் கொட்டையை உடைத்துத் தின்னும் பழக்கம் ஐவரி கோஸ்டின் ஓர் ஆற்றுக்கு மேற்கே வாழும் சிம்பன்சிகளுக்கு மட்டுமே உரியது என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அங்கிருந்து 1,700 கிலோமீட்டருக்கும் அப்பால், ஏபோவில், கூலா மரத்தின் கெட்டியான கொட்டையைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்தன சிம்பன்சிகள். அதே சிம்பன்சிகள் குச்சியை விட்டுக் கறையானையும் பிடிக்கின்றன. இரண்டு கலையும் கைவந்த சிம்பன்சிகள் வேறெங்கும் அறியப்படவில்லை.

இத்தனை பேசிவிட்டு மனிதர்களைச் சொல்லாமல் விட்டால் அது பெரும் பிழை. ஏபோ பானென் மக்களின் மூதாதையர் நிலம். கேமரூன் விடுதலைப் போராட்டக் காலக் கலவரங்களில் காட்டுக்குள் இருந்த ஊர்களிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். முன்னோரைப் புதைத்த இடங்களும் வழிபாட்டு இடங்களும் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மருந்துக்கும் உணவுக்கும் இன்றும் அந்தக் காட்டை நம்பியிருக்கிறார்கள். ஏபோவைச் சுற்றி 40-க்கும் மேற்பட்ட ஊர்கள் உண்டு.

2020 பிப்ரவரியில் இந்தக் காட்டை இரண்டு கூறாக்கி மரம் வெட்டக் குத்தகைக்கு விடும் திட்டம் வெளியானது. பானென் தலைவர்கள் எதிர்த்தார்கள். அங்கே என்னென்ன உயிர்கள் அழியும் என்று கணக்குக் காட்டி ஆய்வாளர்கள் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். இருந்தும் ஜூலையில் 68,385 ஹெக்டேருக்கு ஆணை பிறந்தது. அந்தச் செய்தியை டிகாப்ரியோ தம் சமூக ஊடகப் பக்கத்தில் பகிர்ந்தார். கோடிக்கணக்கானவர்கள் அவரைப் பின்தொடர்கிறார்கள். ஏபோ என்ற பெயரே கேள்விப்படாதவர்கள் குரல் கொடுத்தார்கள். ஆகஸ்டில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. அந்த உதவிக்கு நன்றியாகவே மரத்துக்கு டிகாப்ரியோவின் பெயர்.

தமிழர்களுக்கும் டிகாப்ரியோவின் அந்தச் சமூக ஊடகப் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாகக் குடங்கள் வரிசை கட்டிய நாட்களில், கிணற்றைச் சுற்றி நின்று தண்ணீர் சேந்தும் சென்னைப் பெண்களின் படத்தைப் பகிர்ந்தவரும் அவரே. நடிகர் பெயரை மரத்துக்கு வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆய்விதழைத் தாண்டி அந்த மரம் உலகச் செய்தித்தாள்களுக்குப் போனது அந்தப் பெயரால்தான். ஒரு காட்டின் பெயர் அத்தனை வீடுகளில் உச்சரிக்கப்பட உதவியதென்றால் அந்தப் பெயர் தகும்.

ஆனால் புகழ் வேலி ஆகாது என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டிவிட்டன. ஏபோவைத் தேசியப் பூங்காவாக்கும் யோசனை 2006-இலிருந்தே இருக்கிறது, அறிவிப்பு வரவில்லை. 2023-இல் காட்டின் ஒரு பகுதியை மரம் வெட்டத் திறந்துவிடும் ஏற்பாடு மறுபடி உயிர்பெற்றது. பானென் மக்கள் மறுபடி எதிர்க்க வேண்டியதாயிற்று. பெருமரங்களைத் தேடி லாரிக்குப் பாதை போடும்போது நான்கு மீட்டர்ச் சிறுமரத்தை யாரும் விலை பேசுவதில்லை. பாதையில் நின்றால் அதுவும் சாயும். 50-க்கும் குறைவான மரங்கள் ஒரே பகுதியில் நிற்கையில், தவறான இடத்தில் போட்ட ஒரே பாதை போதும்.

ஏபோவுக்காக நிற்பவர்கள் கேட்பது அதிகமில்லை. ஆணை எழுதுவதற்கு முன் பானென் பெரியவர்களைக் கூட்டி எந்த இடம் யாருடையது, எங்கே கல்லறை, எங்கே பழைய ஊர் என்று வரைபடத்தில் குறியுங்கள். தாவரவியலாளர்கள் நடக்காத பகுதிகளில் முதலில் அவர்களை நடக்க விடுங்கள். அதன் பிறகு எல்லை போடுங்கள் என்கிறார்கள். பெயர் வைக்கப்படாத மரங்கள் அந்தக் காட்டில் இன்னும் இருக்கின்றன என்பது அங்கே வேலை செய்கிறவர்களின் நம்பிக்கை. அவற்றில் எத்தனைக்கு வெப்ரிஸ் பாலியின் கதி, எத்தனைக்கு டிகாப்ரியோ மரத்தின் வாய்ப்பு என்பது யாவுண்டேயில் அடுத்து கையெழுத்தாகும் ஆணைகளைப் பொறுத்தது.