நெல் இலையில் துருப்புள்ளி: டேங்கை நிரப்பும் முன்

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸ்அப் படத்துல இருந்து கிளம்புது. நேயர் ஒருத்தர் அவங்க அப்பா வயலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நட்டு 20 நாள். திட்டுத்திட்டா பயிர் குட்டையா நிக்குது, கீழ் இலைகளில் துரு பிடிச்ச மாதிரி பழுப்புப் புள்ளி. உரக்கடையில் ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு டானிக், ஒரு நுண்ணூட்டக் கலவை, மூணையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்லியிருக்காங்க. "அடிக்கலாமா?"னு கேட்கிறார்.

படத்தை மட்டும் பார்த்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் குழப்பம் புதுசு இல்லை. 1960-களில் இமயமலை அடிவார தராய்ப் பகுதியில், பந்த்நகர் பக்கம், நெல்லில் இதே மாதிரி ஒரு நோய் வந்தது. இலை காசுக்கட்டி நிறத்துக்கு மாறும், அதனால கைரான்னு பேர். அதை ஆராய்ந்த ஒய்.எல்.நேனே ஒரு தாவர நோயியலாளர். கிருமியைத் தேட வேண்டிய ஆள். அவர்தான் 1966-ல் இது கிருமியே இல்லை, துத்தநாகக் குறைபாடுன்னு காட்டினார். நம்ம ஊர்ல ஜிங்க்னு சொன்னாதான் கடையில் புரியும், அதனால நானும் ஜிங்க்னே சொல்றேன்.

ஜிங்க் மண்ணுல இல்லாமலே போயிடுச்சான்னா, பெரும்பாலும் அப்படி இல்லை. மண்ணுல இருக்கும், வேருக்குக் கிடைக்காது. காரத்தன்மையும் சுண்ணாம்பும் அதிகமான மண், அதுல எந்நேரமும் தேங்கி நிற்கும் தண்ணீர், கூடவே அள்ளிப்போட்ட மணிச்சத்து. இந்த மூணும் சேர்ந்தா ஜிங்க் கரையாத வடிவத்துக்குப் போய் மாட்டிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்: இரும்பு அப்படியே தலைகீழ். தண்ணீர் கட்டினா மண்ணுல ஆக்ஸிஜன் போயிடும், இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்கு எளிதாகக் கிடைக்கும். தண்ணீர் இல்லாத புழுதி விதைப்பிலும், காய்ந்த நாற்றங்காலிலும் இரும்புதான் பற்றாக்குறை ஆகும். அதாவது ஒரே வயலில், தண்ணீர் நின்றால் ஜிங்க் பிரச்சினை, காய்ந்தால் இரும்பு பிரச்சினை வரலாம். அப்போ பொத்தாம்பொதுவா "நுண்ணூட்டம்"னு ஒரு பாட்டிலை வாங்கி அடிக்கிறது எப்படி சரியாகும்?

வித்தியாசம் இலையிலேயே தெரியும். இரும்புக் குறைவு புது இலையில் வரும். நரம்பு பச்சையா இருக்க இடைப்பகுதி வெளுக்கும், முத்தினா இலை முழுக்க வெள்ளையாகும். ஜிங்க் குறைவில் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளி, இளம் இலையின் அடிப்பகுதியில் நடுநரம்பு வெளிறும், நட்டு 2 முதல் 4 வாரத்துக்குள் திட்டுத்திட்டா வரும். கீழ் இலை புள்ளி இல்லாம சீரா மஞ்சளானா முதல்ல தழைச்சத்தைச் சந்தேகப்படுங்க.

ஜிங்க்தான்னு உறுதியானா, 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டோட 1 சதவீத யூரியா. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. குறி மறையலேன்னா இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. வடக்கே யூரியாவுக்குப் பதிலா சுண்ணாம்பு சேர்ப்பாங்க, சல்பேட்டின் அமிலம் இலையைச் சுடாமல் இருக்க. இரும்புன்னா 1 சதவீத ஃபெரஸ் சல்பேட், 1 சதவீத யூரியா.

பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. ஜிங்க் சல்பேட் இரண்டு வகையில் வருது: ஒண்ணுல 21 சதவீதம் ஜிங்க், இன்னொண்ணுல 33 சதவீதம். நான் சொன்ன 50 கிராம் 21 சதவீத வகைக்கு. அப்புறம், டிஏபி கரைசலோட ஜிங்க் சல்பேட்டைக் கலக்காதீங்க. மணிச்சத்தும் ஜிங்கும் சேர்ந்து அடியில் வெள்ளையாப் படியும், தெளிப்பான் மூக்கும் அடைக்கும். காசு டேங்கின் அடியில் தங்கிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு டன் நெல் விளைய பயிர் எடுக்கிற ஜிங்க் சுமார் 50 கிராம். ஏக்கருக்கு 2 டன்னுன்னா 100 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிச்சா அதுல இருக்கிற ஜிங்க் 210 கிராம். ஆகா, ஒரு தெளிப்பே போதுமேன்னு தோணும். ஆனா 20 நாள் பயிருக்கு இலை எவ்வளவு? பாதிக்கு மேல் தண்ணியிலதான் விழும். நெல் இலையில் மெழுகும் அதிகம், துளி உருண்டு ஓடிடும். அதனாலதான் ஒட்டு திரவம் சேர்க்கச் சொல்றாங்க, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கச் சொல்றாங்க.

தெளிப்பு முதலுதவி. அது வேலை செய்யும்போது ஏற்கெனவே தூர் கட்டுற நாட்கள் சில போயிருக்கும். குறைபாடு தெரிஞ்ச வயல்னா நடவுக்கு முன்னாடியே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலோட கலந்து மேலாகத் தூவிடுறதுதான் தமிழ்நாட்டுப் பரிந்துரை. பசுந்தாள் உரம் மடக்கி உழுதிருந்தா அதில் பாதியே போதும். இடையில் தண்ணியை வடிச்சுக் காயவிடுவதும் உதவும், அதுக்குச் செலவு கிடையாது.

இப்போ அந்த நேயருக்கு என் பதில். மூணையும் கலந்து அடிச்சா, பயிர் தேறினாலும் எது தேற்றிச்சுன்னு தெரியாது, அடுத்த போகத்துக்கும் மூணையும் வாங்குவீங்க. நாங்க கோடில் பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் மாற்றுவோம். அதே மாதிரி ஜிங்க் சல்பேட்டும் யூரியாவும் மட்டும் பாதிப்பு உள்ள இடத்தில் அடிங்க, பக்கத்தில் ஒரு பட்டைக்கு யூரியா மட்டும், இன்னொரு பட்டையை ஒண்ணும் அடிக்காம விடுங்க. மூணு பட்டையிலும் குச்சி நட்டு வையுங்க. ஒரு வாரம், பத்து நாளில் வர்ற புது இலையைப் பாருங்க. பழைய இலையின் புள்ளி மறையாது, அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. மூணு பட்டையும் ஒரே மாதிரி இருந்தா ஜிங்க் இல்லை. அப்போ மாதிரி இலையை எடுத்துக்கிட்டு பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்க, மண்ணும் ஒரு கிலோ எடுத்துட்டுப் போங்க.

பத்து நாள் கழித்து அந்த மூணு பட்டையையும் படம் எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோடில் அதைப் பேசலாம்.