விடுதலைக்குப் பின்னும் விடாத கறை

(ஆம்பூரில் தோல்தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



பாலாற்றங்கரையின் இவ்வூர்களில், தோல் பதனிடுமிடத்திலோ செருப்பாலையிலோ உழைக்கும் இளைஞர் ஒருவர்மேல் வழக்குப் பதிகின்றனர். ஆண்டுக்கணக்கில் அலைந்தபின் முறைமன்றம் அவரை விடுவிக்கின்றது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆயினும், அவர் கடவுச்சீட்டுக்கோ வேலைக்கோ எழுதிக் கொடுத்ததும், காவல்நிலையத்துப் பழம்பதிவேடு மீண்டும் வாய் திறக்கின்றது. விடுதலை எனுஞ் சொல்லுக்கு என்னதான் பொருள்?

தமிழ்நாடு காவற் சார்நிலைப் பணி விதிகளிற் பின்னர்ச் சேர்த்த விளக்கமொன்று, ஐயத்தின் பயனால் விடுவிக்கப் பெற்றவரையும் குற்றவழக்கில் தொடர்புடையவராகவே கருதச் சொல்கின்றது. சென்னை உயர்முறைமன்றத்தின் முழு ஆயமும் 2008-இல் அதனை ஏற்றது. பயனை ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறித்துக்கொண்டால், எஞ்சுவது ஐயம் மட்டுந்தானே!

கதவே இல்லையென்று சொல்வதற்கில்லை. 18 அகவை நிரம்பாதார்க்கு 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உண்டு. உரிய காலங் கடந்தபின் அவர்தம் வழக்குப் பதிவுகளை அழித்தாகவேண்டும். கொடுங்குற்றத்திற்காக வளர்ந்தோர்போல் உசாவப்பெற்ற 16 அகவை கடந்தவர்க்கு மட்டும் இது பொருந்தாது. நன்னடத்தை உறுதியின்மேல் விடப்பட்டவர்க்கோ, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தகுதியிழப்பைத் தடுக்கின்றது. நம் பெற்றோருள் எத்தனைபேர் இவற்றை அறிவர்? உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமென 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும், அங்கு இன்றும் ஆங்கிலமே அரசோச்சுகின்றது. புரியாத மொழியில் உரிமை இருந்தென்ன, இல்லாதென்ன?

குற்றஞ் செய்த சிறுவனுக்குப் பதிவழிப்பு உண்டு; குற்றம் மெய்ப்பிக்கப்படாத வளர்ந்தவனுக்கு இல்லை! விடுவிக்கப்பெற்ற ஒருவர், இணையத்தில் உலவும் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்குமாறு சென்னை உயர்முறைமன்றத்தை வேண்டினார். 2021-இல் தனி நடுவர் மறுத்தார். 2024-இல் மதுரைக் கிளையின் ஆயம் இசைந்தது. அவ்வாண்டே தில்லி உச்சமுறைமன்றம் அதற்கு இடைத்தடை விதித்தது.

இங்கிலாந்திலோ, தண்டனை பெற்றவருங்கூடக் குறித்த காலத்திற்குப்பின், சில பணிகள் நீங்கலாக, தம் பழங்குற்றத்தைச் சொல்ல வேண்டுவதில்லை என 1974-இலேயே சட்டஞ் செய்துவிட்டனர். ஆங்கிலேயன் விட்டுச்சென்ற பதிவேட்டைப் பொன்னேபோற் போற்றுகின்றோம். அவன் பின்னர்க் கற்ற பரிவு மட்டும் நமக்குக் கண்ணிற் படவில்லை.

தோழர்களே! விடுதலைத் தீர்ப்பின் சான்றுபெற்ற படியை வாங்கிப் பேணுங்கள். அதில் ‘ஐயத்தின் பயன்’ என்றுள்ளதா எனப் பாருங்கள். இருப்பின், அதனை நீக்க வழியுண்டா என வழக்குரைஞரை உடனே உசாவுங்கள். சிறார் வழக்காயின், பதிவை அழித்தமைக்குச் சான்று கேட்டு, இளஞ்சிறார் வாரியத்திற்கு எழுத்தால் வேண்டுகை கொடுங்கள். தமிழில் எழுதத் தயங்குவோர் மாலையில், பள்ளி விட்டபின், என்னிடம் வாருங்கள், எழுதித் தருகின்றேன்.