முதலில் ஒதுக்கிய நிலம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். நம்மைப் போலவே குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. நெபுராஸ்கா மாநிலத்தின் மேற்கிலுள்ள மணற்குன்றுகளில் மாடு மேய்த்துப் பிழைக்க அது போதவில்லை. ஆகவே 1904இல் அங்கு 640 ஏக்கராக உயர்த்தினர். அம்மண் பழங்குடியினர் இழந்த மண் என்பதையும் மறத்தலாகாது.

அம்மாநிலத்தில் ஆறு மைல் சதுரம் கொண்ட ஒவ்வொரு வட்டத்தையும் 36 பங்காக அளந்தனர். 16ஆம் பங்கையும் 36ஆம் பங்கையும் பள்ளிகளின் நலனுக்கென ஒதுக்கினர். ஊர் உருவாகுமுன்பே பள்ளிக்குரிய பங்கு குறிக்கப்பட்டு விட்டது!

அம்மாநிலத்தில் 1896இல் பிறந்தவர் மாரி சாண்டோஸ் அம்மையார். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர்; வீட்டில் வழங்கியது ஜெர்மன் மொழி. ஆறு மக்களில் மூத்தவராதலால், இளையோரைப் பேணும் பொறுப்பும் பண்ணை வேலையும் அவர் தலைமேல் விழுந்தன. ஒருமுறை பனிப்புயலில் புதையுண்ட மாடுகளை மீட்கப்போய், பனியின் கூசொளியால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். மகள் எழுதுவதைத் தந்தை வெறுத்தார். ஆயினும், 17ஆம் வயதில் எட்டாம் வகுப்பை முடித்த அப்பெண், வீட்டாருக்குத் தெரியாமல் கிராம ஆசிரியர் தேர்வெழுதித் தேறினார். உயர்நிலைப் பள்ளியையே காணாதவர், சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியை ஆனார்.

பின்னர், அந்தத் தந்தையின் வரலாற்றையே நூலாக எழுதி 1935இல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றார். நெபுராஸ்கா பல்கலைக்கழகம் 1950இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1966இல் மறைந்த அவர், குடும்பப் பண்ணைக்கு மேலுள்ள குன்றில் துயில்கிறார். மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிக்காத ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இவ்வரலாறு பெருந்தெம்பு அளிக்கிறது.

அன்பர்களே! நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் பிறமொழி பேசி வளர்கின்றனர். அது அவர்களுக்கு வேண்டியதே. ஆனால் அவர்களுக்காக நாம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்போ, விழாச் செலவு போக மிஞ்சியதைக் கொண்டே நடைபெறுகிறது. மிஞ்சாத ஆண்டில் என் செய்வது? வரும் ஆண்டின் வரவு செலவுக் கணக்கில், பந்தலுக்கும் விருந்துக்கும் முன்பாக, முதல் வரியிலேயே தமிழ் வகுப்புக்குரிய தொகையை எழுதிவிடுமாறு அங்கத்தினர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். மிஞ்சியதைத் தருவது தயவு. முதலில் ஒதுக்குவதே கடமை.