மூலமும் தமிழும்: கருத்தரங்கத் தலைமை உரை



இராஜகீழ்ப்பாக்கத்தில் இந்தக் கருத்தரங்கு என்று முடிவானதும், "சபைக்குள் சண்டை மூட்டப் போகிறீர்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் ஞாயிறுதோறும் நிரம்பும் ஆலயங்களில் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்களைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். பிரசங்க மேடையிலிருந்து ஒரு வசனம் வரும்போது அது யார்மேல் விழுகிறது என்பது அந்த வீட்டாருக்குத் தெரியும். அந்த வசனத்தைச் சரியாகப் பெயர்த்திருக்கிறோமா என்று பார்க்கவே கூடியிருக்கிறோம்.

இந்த விவாதத்தை நாம் பெரும்பாலும் ஆங்கில வேதாகமத்தை வைத்தே நடத்துகிறோம். 1946இல் வந்த ஆர்.எஸ்.வி. என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாடு, 1 கொரிந்தியர் 6:9இல் பவுல் எழுதிய இரண்டு சொற்களைச் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்று போட்டது. 1971இல் அதை மாற்றினார்கள். அது அமெரிக்கச் சபைகளின் வழக்கு. நம் வழக்கு வேறு.

நம் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே சுயபுணர்ச்சிக்காரர், ஆண்புணர்ச்சிக்காரர் என்று இரு சொற்கள் உள்ளன. முதலாவதற்கு மூலம் 'மலாக்கோய்'. மென்மையானவர்கள் என்பது நேர்ப்பொருள். மத்தேயு 11:8இல் உடையைப் பற்றி அதே சொல் வருகிறது. அங்கே 'மெல்லிய' என்று அழகாகவே பெயர்த்திருக்கிறார்கள். கொரிந்தியரில் மட்டும் அது சுயபுணர்ச்சி ஆகிவிட்டது. அச்சொல்லுக்கு ஈடான லத்தீன் சொல்லை இடைக்கால ஐரோப்பிய ஒழுக்க நூல்கள் அந்தச் செயலுக்கே பெயராக்கியிருந்தன. அதன் தடம்தான் இது. இன்றைய ஆய்வாளர்களில் அநேகமாக எவரும் அப்படிப் படிப்பதில்லை. ஆனாலும் நம் வாலிபர் கூட்டங்களில் எத்தனை பிள்ளைகள் இந்த ஒரு வரியால் நடுங்கியிருப்பார்கள்!

இரண்டாம் சொல்லான 'அர்செனொகொய்த்தாய்' பவுலுக்கு முந்திய எந்த நூலிலும் கிடைக்கவில்லை. லேவியராகமம் 20:13இன் கிரேக்கப் பெயர்ப்பிலுள்ள 'ஆண்', 'படுக்கை' என்ற சொற்களிலிருந்து அது பிறந்தது என்ற வாதம் வலுவானது. லூத்தரோ அதைச் சிறுவரைக் கெடுப்பவர் என்று ஜெர்மனில் எழுதினார். நான் விலக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பவன். ஆனாலும் லேவியராகம வாதத்தை நம்மில் யாரும் மறைக்கக் கூடாது என்பேன். சங்கடமான சான்றைச் சொல்லாமல் விட்டுப் பெறும் வெற்றி அந்தப் பிள்ளைகளுக்கு உதவாது.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனவர் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு 'எத்தியோப்பிய மந்திரி'. லூக்கா எழுதியது 'யூனூக்கோஸ்', அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். மத்தேயு 19:12இல் அதே சொல்லை நம் மொழிபெயர்ப்பு 'அண்ணகர்' என்கிறது. அப்படிப்பட்டவர் சபைக்குள் வரக் கூடாது என்றது உபாகமம் 23:1. அவருக்குத் தம் ஆலயத்தில் இடமும் பெயரும் தருவதாக ஏசாயா 56இல் ஆண்டவர் வாக்களிக்கிறார். அந்த வாக்கு நிறைவேறுவதைத்தான் லூக்கா காட்டுகிறார். பிலிப்பு தயங்காமல் ஞானஸ்நானம் கொடுக்கிறார். 'மந்திரி' என்ற ஒரு சொல் இதையெல்லாம் நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. கண்டிக்கும் இடத்தில் மூலத்தில் இல்லாத பாவத்தைச் சேர்த்துவிட்டு, அரவணைக்கும் இடத்தில் ஆளையே மாற்றிவிட்டோம். இது எனக்குத் தாங்கவில்லை.

தமிழ் நமக்கு உதவிய இடமும் உண்டு. ரோமர் 1:26இல் கண்டனமாக வரும் 'சுபாவத்துக்கு விரோதம்' என்ற தொடரை, 11:24இல் புறஜாதியாரை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கும் தேவனுடைய செயலுக்கே பவுல் சொல்கிறார். நம் மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் அதே தொடரைக் காப்பாற்றியிருக்கிறது. இதனால் முதல் அதிகாரத்தின் கடுமை போய்விடாது. ஆனால் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் படிக்கும் பொறுப்பு வருகிறது.

வெளியே நாடு நகர்ந்துவிட்டது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொத்த உறவைக் குற்றமாக்குவதை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இம்மக்களைக் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்பட்டியலை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது.

பேச்சாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய அமர்வுகளில் மூலமும் தமிழும் மட்டும் பேசட்டும். நம் நிலைப்பாடுகள் நாளை வரட்டும். கலையுமுன் 1 கொரிந்தியர் 6:9க்கும் அப்போஸ்தலர் 8:27க்கும் இரண்டு அடிக்குறிப்புகளை எழுதி முடிப்போம். அடுத்த பதிப்பில் சேர்க்கும்படி இந்திய வேதாகமச் சங்கத்துக்கு அனுப்புவோம். வசனங்களின் கிரேக்கப் பிரதி வாசலருகே மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு அமருங்கள்.